பாறையைப் பிளந்தவர்களுக்குப் பை தைக்கத் தெரியாதா?



பூமிக்குக் கீழே இரண்டாயிரம் மீட்டர் ஆழம். அங்கே ஒளியில்லை, காற்றில்லை, மனிதன் கால் வைத்ததும் இல்லை. அந்த ஆழத்திலே கிடக்கும் பாறையைத் தரையில் நின்றபடியே தண்ணீரால் பிளக்கிறான் மனிதன்! பிளந்த பாறைக்குள்ளிருந்து எரிவாயுவை மேலே கொண்டுவருகிறான். அந்த வாயுவை எரித்து மின்சாரம் எடுக்கிறான், ஆலை ஓட்டுகிறான், அடுப்பும் மூட்டுகிறான். இது விஞ்ஞானத்தின் வெற்றி. அதை மறுப்பவன் கண்ணிருந்தும் குருடன். நாம் மறுக்கவில்லை.

ஆனால் ஒன்று கேட்கிறோம். இவ்வளவு பெரிய வித்தையைச் செய்து காட்டியவர்கள், அதே கிணற்றின் அருகே நின்று வேலை செய்கிற தொழிலாளியின் நெஞ்சுக்குள் மணல் தூசி போகாமல் தடுக்க, "இப்போது முடியாது, அவகாசம் வேண்டும்" என்றார்களே, அது ஏன்? தடுப்பதற்கு என்ன வேண்டியிருந்தது தெரியுமா? ஒரு துணிப்பை! ஆம் தோழர்களே, மாவு மில்லிலே தூசி பிடிக்கக் கட்டுகிறார்களே, அந்த இனத்தைச் சேர்ந்த ஒரு பை!

இது அமெரிக்க நாட்டுக் கதை. ஆனாலும், கூலிக்கு உழைக்கிறவன் எந்த நாட்டிலிருந்தாலும் படித்துப் பார்க்க வேண்டிய கதை. முதலில் வேலை எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். தொழிலைத் தெரிந்துகொள்ளாமல் தொழிலாளியின் துயரத்தைப் பேசுவது நம் வழக்கமல்ல.

ஷேல் என்றொரு பாறை. கடலடியில் படிந்த களிமண், கோடிக்கணக்கான ஆண்டுகள் அழுந்தி அழுந்தி, ஏடு ஏடாக இறுகியது அது. அந்தக் களிமண்ணோடு புதையுண்ட நுண்ணுயிர்களின் மிச்சம், பூமியின் சூட்டிலே வெந்து எரிவாயுவாகிப் பாறைக்குள்ளேயே தங்கிவிட்டது. மணற்பாறையாக இருந்தால் துளைகள் ஒன்றோடொன்று தொடர்ந்திருக்கும். குழாயை இறக்கினால் வாயு தானாக ஓடிவரும். ஷேல் அப்படியல்ல. வாயு உண்டு, வழி இல்லை. ஒவ்வொரு நுண்துளையும் வாசலில்லாத சிறை. அந்தச் சிறையை உடைக்கும் முறைக்குத்தான் 'ஃப்ராக்கிங்' என்று பெயர். தண்ணீரின் அழுத்தத்தால் பாறையைப் பிளப்பது என்று நம் மொழியில் சொல்லலாம்.

நம் ஊரில் ஆழ்துளைக் கிணறு போடுவதைப் பார்த்திருப்பீர்கள். அதைப் போலத்தான் தொடங்குகிறார்கள். நேராகக் கீழே துளைக்கிறார்கள். ஷேல் பாறையை நெருங்கியதும் துளை மெல்ல வளைகிறது. வளைந்து, பாறைக்குள்ளேயே படுக்கையாக ஒரு மைல், இரண்டு மைல்கூட ஓடுகிறது. துளைக்குள் இரும்புக் குழாய். வழியில் இருக்கும் குடிநீர் ஊற்றோடு வாயு கலந்துவிடாதபடி, குழாய்க்கு வெளியே சிமெண்ட் பூச்சு. பிறகு படுத்திருக்கும் குழாய்க்குள் சிறு வெடிகளை அனுப்பி அதிலே ஓட்டை போடுகிறார்கள். தரையிலே வரிசையாக நிற்கும் லாரிகளின் மேல் ராட்சத பம்புகள். அத்தனையும் ஒரே நேரத்தில் உறுமுகின்றன. தண்ணீரும் மணலும் சிறிதளவு ரசாயனமும் கலந்த கலவை, ஒவ்வொரு சதுர அங்குலத்திலும் ஆயிரக்கணக்கான பவுண்டு அழுத்தத்தோடு பாறையின்மீது மோதுகிறது. பாறை விரிசல் விடுகிறது. ஒரு பகுதி முடிந்ததும் அதை அடைத்துவிட்டு அடுத்த பகுதி. இப்படிப் பகுதி பகுதியாகக் குழாய் நெடுகப் பிளந்துகொண்டே வருகிறார்கள்.

கலவையிலே தொண்ணூறு பங்குக்குக் குறையாமல் தண்ணீர்தான். 2014ஆம் ஆண்டுக் கணக்கின்படி, படுக்கைவாட்டில் ஓடும் எரிவாயுக் கிணறு ஒன்றுக்கு ஏறத்தாழ 1 கோடியே 90 லட்சம் லிட்டர் தண்ணீர் செலவாயிற்று. மணலோ ஆயிரக்கணக்கான டன்!

மணல் எதற்கு என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. பம்பை நிறுத்தியதும் என்ன ஆகும்? மேலே இருக்கும் இரண்டாயிரம் மீட்டர் பூமியின் பாரம், பிளந்த விரிசலை மறுபடியும் மூடிவிடும். பட்ட பாடெல்லாம் வீண். விரிசலுக்குள் புகுந்த மணல்தான், கதவு மூடாமலிருக்க இடுக்கிலே வைத்த கல்லைப் போல, முட்டுக் கொடுத்து நிற்கிறது. மணல் நிற்பதனால்தான் வழி நிற்கிறது. வழி நிற்பதனால்தான் வாயு வருகிறது. மணல் இல்லையேல் இந்தத் தொழிலே இல்லை. இந்த மணலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள் தோழர்களே, கதையே இதிலேதான் இருக்கிறது.

இந்தக் கலை ஒரே இரவில் பிறந்ததல்ல. 1947இல் கான்சாஸ் மாநிலத்தில் முதல் சோதனை நடந்தது. 1949இல் ஓக்லஹாமாவிலும் டெக்சாஸிலும் வியாபாரமாகவே தொடங்கிவிட்டது. ஆனால் ஷேல் பாறை மட்டும் மசியவில்லை. டெக்சாஸிலே பார்னெட் என்ற ஷேல் படுகை. அங்கே ஜார்ஜ் மிட்செல் என்ற எண்ணெய் முதலாளி 1981இல் முதல் கிணற்றைத் தோண்டினார். பதினேழு ஆண்டுகள் பணத்தைக் கொட்டியும் கட்டுப்படியாகவில்லை. அதுவரை மணலைச் சுமந்து செல்லக் கெட்டியான பசைக்குழம்பைப் பயன்படுத்தி வந்தார்கள். அந்தப் பசைக்கு மூலப்பொருள் என்ன தெரியுமா? நம் வீட்டில் பொரியல் செய்கிறோமே, அந்தக் கொத்தவரையின் விதை! பெரும்பகுதி நம் ராஜஸ்தானத்திலே விளைவது. மிட்செலின் பொறியாளர்கள் பசையைக் குறைத்துத் தண்ணீரைப் பெருக்கினார்கள். செலவு சரிந்தது, 1998இல் வாயு சீறிக்கொண்டு வந்தது. 2002இல் மிட்செலின் கம்பெனி 300 கோடி டாலருக்கு மேல் விலை போயிற்று. வாங்கிய டெவன் கம்பெனி, படுக்கைவாட்டில் துளைக்கும் முறையையும் இதோடு சேர்த்தது. 2009இல் அமெரிக்கா ரஷ்யாவை முந்திக்கொண்டு, உலகிலேயே மிக அதிகமாக இயற்கை எரிவாயு எடுக்கும் நாடாயிற்று.

இதிலே முதலாளியின் துணிச்சல் மட்டுமா இருந்தது? மக்கள் வரிப்பணமும் இருந்தது. ஷேல் பற்றி அமெரிக்க அரசு 1976 முதல் ஆராய்ச்சி நடத்தியது. இத்தகைய வாயுவை எடுப்பவர்களுக்கு 1980இல் வரிச்சலுகை கொடுத்தது. மக்கள் பணத்தால் வளர்ந்த தொழில், மக்களுக்கும் தன் தொழிலாளிக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டது என்பதை மறந்துவிடக் கூடாது.

இனி மணலுக்கு வருவோம். விஸ்கான்சின் முதலிய இடங்களில் மணற்பாறைக் குன்றுகளை வெட்டி, கழுவி, காயவைத்து, லாரி லாரியாகக் கிணற்றடிக்குக் கொண்டுவருகிறார்கள். அங்கே 'மணல் வண்டி' என்று பெரிய பெரிய தொட்டிகள். லாரியிலிருந்து காற்றழுத்தத்தால் மணலை அந்தத் தொட்டிக்குள் ஊதி நிரப்புகிறார்கள். ஊதிய காற்று வெளியேற வேண்டுமே! தொட்டியின் முதுகிலே இருக்கும் மூடிகள் திறந்திருக்கின்றன. அவற்றின் வழியே வெள்ளைப் புகைபோலக் குபுகுபுவென்று தூசி எழுகிறது. தொட்டியிலிருந்து ஓடும் பட்டையிலே மணல் விழும்போது ஒரு தூசி. பட்டையிலிருந்து கலவை எந்திரத்திலே விழும்போது இன்னொரு தூசி. அந்த மூடியருகே நிற்பவன் யார்? பட்டையருகே நிற்பவன் யார்? பங்குதாரனா? இல்லை. பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வந்த கூலிக்காரன்!

அந்தத் தூசி சாதாரணத் தூசியல்ல, சிலிக்கா. கண்ணுக்குத் தெரியும் மணல் ஆளைக் கொல்வதில்லை. கண்ணுக்குத் தெரியாத பொடிதான் கொல்கிறது. அது நுரையீரலின் அடிவரை போகிறது. போனது திரும்புவதில்லை. அங்கே தழும்பு தழும்பாக இறுகுகிறது. மூச்சு குறைகிறது. மாடிப்படி ஏற முடியவில்லை. பிறகு நடக்க முடியவில்லை. பிறகு படுத்தபடியே மூச்சு வாங்குகிறது. சிலிகோசிஸ் என்று பெயர். வராமல் தடுக்கலாம், வந்தபின் குணமாக்க மருந்தில்லை. நுரையீரல் புற்றுநோயும் காசநோயும் அதன் கூட்டாளிகள்.

அமெரிக்க அரசின் தொழில் நலப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையம், ஐந்து மாநிலங்களில் 11 கிணற்றடிகளுக்குச் சென்று, வேலை செய்பவர்களின் சட்டையிலேயே கருவியைப் பொருத்தி, முழு வேலை நேரமும் அவர்கள் சுவாசித்த காற்றை அளந்தது. மொத்தம் 116 மாதிரிகள். 2012இல் முடிவை வெளியிட்டு எச்சரித்தது. முடிவு என்ன? 100க்கு 47 மாதிரிகளில், சட்டம் அனுமதித்த அளவுக்கு மேல் சிலிக்கா. அந்த நிலையம் பரிந்துரைத்த அளவை எடுத்துக்கொண்டால் 100க்கு 79 மாதிரிகள் வரம்பு மீறியவை. 100க்கு 9 மாதிரிகளில், சட்ட அளவைப்போல் பத்து மடங்கும் அதற்கு மேலும்!

"முகமூடி கொடுத்திருக்கிறோமே!" என்பார்கள். கொடுத்தார்கள். ஆனால் வழக்கமாகக் கொடுக்கும் அரைமுக மூடி, பத்து மடங்கு வரைதான் காப்பாற்றும். பத்து மடங்குக்கு மேல் தூசி பறக்கிற இடத்தில் அதை மாட்டிக்கொண்டு நிற்பது, அடைமழையில் கைக்குட்டையைத் தலையில் போட்டுக்கொள்வது போலத்தான்.

"யாருக்குத் தெரியும்? புதிய தொழில், புதிய ஆபத்து" என்று சொல்லலாமா? சொல்ல முடியாது. தொழில் புதிது, தூசி பழையது. 1930இல் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில், ஹாக்ஸ் நெஸ்ட் என்ற இடத்தில், மின்சாரத் திட்டத்துக்காக மலையைக் குடைந்து சுரங்கப்பாதை போட்டார்கள். மலையெல்லாம் சிலிக்கா. தண்ணீர் தெளித்துத் துளைத்தால் தூசி அடங்கும்; உலர்ந்த நிலையில் துளைத்தால் வேலை விரைவாக முடியும். எதைச் செய்தார்கள்? வேலை விரைவாக முடியும் வழியை! வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் பஞ்சம் பிழைக்க வந்த கறுப்பினத் தொழிலாளர்கள். நூற்றுக்கணக்கில் மாண்டார்கள். 1936இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு ஒன்று அதை விசாரித்தது. 1938இல் தொழில் அமைச்சர் பிரான்சிஸ் பெர்கின்ஸ், "சிலிகோசிஸை நிறுத்துவோம்" என்று நாடெங்கும் இயக்கம் நடத்தினார். ஃப்ராக்கிங் பிறப்பதற்கு முன்பே அதன் மணலால் வரும் நோய் நாடறிந்த நோய்!

இன்னும் கேளுங்கள். 1974ஆம் ஆண்டே அதே ஆராய்ச்சி நிலையம், "ஒரு கன மீட்டர் காற்றில் 50 மைக்ரோகிராமுக்கு மேல் சிலிக்கா இருக்கலாகாது" என்று பரிந்துரைத்தது. அந்த அளவு சட்டமானது எப்போது? 2016இல். நாற்பத்திரண்டு ஆண்டுகள்! 1974இல் வேலைக்குச் சேர்ந்த இளைஞன் ஓய்வுபெற்று வீட்டுக்குப் போய்விட்டான், உயிரோடு இருந்திருந்தால்.

சட்டம் வந்ததும் என்ன செய்தார்கள்? முதலாளிகளின் சங்கங்கள் நீதிமன்றம் ஏறின. அவர்கள் வாதங்களில் ஒன்று, ஃப்ராக்கிங் தொழிலில் இந்த அளவுக்குத் தூசியை அடக்குவது தொழில்நுட்ப ரீதியாக முடியாத காரியம் என்பது! இரண்டாயிரம் மீட்டர் ஆழத்திலே துளையை வளைத்துத் திருப்பத் தெரிந்தவர்கள் சொல்கிறார்கள், கண்ணெதிரே ஆளுயரத்தில் எழும் தூசியைத் தடுக்கத் தெரியாதென்று! நல்லவேளை, 2017 டிசம்பரில் நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை. ஆனால் சட்டத்திலேயே ஒரு சலுகை இருந்தது. மற்றத் தொழிற்சாலைகள் தூசியைக் கட்டுப்படுத்தும் சாதனங்களை 2018 ஜூனுக்குள் பொருத்த வேண்டும். ஃப்ராக்கிங் கம்பெனிகளுக்கு மட்டும் 2021 ஜூன் வரை அவகாசம். இடைப்பட்ட மூன்றாண்டுக்கு என்ன பாதுகாப்பு? முகமூடி!

இங்கேதான் அந்தப் பை வருகிறது தோழர்களே. எச்சரிக்கை விடுத்த அதே ஆராய்ச்சி நிலையத்தார், எச்சரிக்கையோடு நிற்கவில்லை. மணல் வண்டியின் முதுகிலிருக்கும் மூடிமேல் பொருத்துவதற்கு, தூசி வடிகட்டும் துணிப்பை ஒன்றைச் செய்தார்கள். காற்று வெளியே போகும். தூசி பைக்குள் தங்கும். மோட்டார் வேண்டாம், மின்சாரம் வேண்டாம். 2013இல் கிணற்றடிக்கே கொண்டுபோய்ச் சோதித்துக் காட்டினார்கள். தூசியின் பெரும்பகுதி அடங்கியது. மணலை ஊதாமல், பெட்டியோடு கொண்டுவந்து இறக்கும் முறையும் பின்னால் பரவிற்று. முடியும் என்பது நிரூபணமாயிற்று. முடியாதது தொழில்நுட்பமல்ல, மனம்!

"எரிவாயுவால் நன்மையே இல்லையா?" என்று ஒரு நண்பர் கேட்கலாம். உண்டு. நிலக்கரியை எரிப்பதைவிட எரிவாயுவை எரிப்பதால் புகை குறைவு. 2016இல் அமெரிக்காவில் நிலக்கரியை முந்தி எரிவாயுவே மின்சாரத்துக்கு முதல் எரிபொருளாயிற்று. பல ஆயிரம் பேருக்கு வேலையும் கிடைத்தது. கிடைத்த வேலையை இகழ நமக்கு உரிமையில்லை. பசித்தவன் வேலைக்குத்தான் போவான். ஆனால் "வேலை வேண்டுமா, நுரையீரல் வேண்டுமா?" என்று அவனைப் பார்த்துக் கேட்பதற்கு எவனுக்கும் உரிமையில்லை. பையின் விலையைக் கணக்கில் சேர்த்தால் வாயுவின் விலை ஒன்றும் வானத்துக்குப் போய்விடாது.

தொழிலாளிக்கு மட்டுமா இந்த நியாயம்? ஊராருக்கும் இதே நியாயம்தான். குடிநீரைக் காக்க அமெரிக்காவிலே ஒரு சட்டம் உண்டு. பூமிக்குள் எதைச் செலுத்தினாலும் அதற்குக் கட்டுப்பாடு உண்டு. 2005இல் வந்த எரிசக்திச் சட்டம், டீசல் கலந்தால் தவிர, ஃப்ராக்கிங்குக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது என்று விலக்களித்தது. அந்த விலக்குக்கு மக்கள் வைத்த பெயர் 'ஹாலிபர்ட்டன் ஓட்டை'. 1949இல் இந்தத் தொழிலைத் தொடங்கிய கம்பெனி ஹாலிபர்ட்டன். அதன் தலைவராக இருந்த டிக் செனி, அப்போது நாட்டின் துணைக் குடியரசுத் தலைவர்!

பென்சில்வேனியா மாநிலத்திலே டிமாக் என்றொரு கிராமம். 2009 புத்தாண்டு நாளன்று ஒரு வீட்டுக் கிணறு வெடித்தது. குடிநீரிலே மீத்தேன் வாயு. அங்கே தோண்டிய கேபட் கம்பெனி, "இயற்கையாகவே இருந்தது" என்று சொல்லிக்கொண்டிருந்தது. ஊரார் பாட்டில் தண்ணீரை வாங்கிக் காலம் தள்ளினார்கள். 2020இல் கிரிமினல் வழக்கு. 2022 நவம்பரில் அந்தக் கம்பெனி, கொட்டெரா என்று பெயர் மாறிய நிலையில், குற்றச்சாட்டை எதிர்க்கவில்லை என்று நீதிமன்றத்தில் சொல்லி, ஊருக்குக் குடிநீர்க் குழாய் போட 1 கோடியே 60 லட்சம் டாலருக்கு மேல் கொடுக்க ஒப்புக்கொண்டது. கிணறு வெடித்ததற்கும் இதற்கும் இடையே பதின்மூன்று ஆண்டுகள்! பாறை பிளந்தது மட்டுமே அங்கே பழுதல்ல. குழாயைச் சுற்றிப் போட்ட சிமெண்ட் சரியாக இல்லாவிட்டால் வாயு அந்த வழியாகவே மேலேறி ஊற்றில் கலந்துவிடும். சிமெண்டை ஒழுங்காகப் போடுவது பெரிய ரகசியமா? அதுவும் ஒரு பைதான். செய்யத் தெரியும்; செய்யவைக்க ஆளில்லை.

இது நமக்கும் தொலைவிலுள்ள சங்கதியல்ல. 2013இல் இந்திய அரசு ஷேல் வாயு தேட அனுமதி கொடுத்தபோது, காவிரிப் படுகையும் அந்தப் பட்டியலில் இருந்தது. டெல்டா விவசாயிகள் எழுந்தார்கள். 2020இல் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் அந்த வட்டாரத்தைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கி, ஷேல் வாயு உட்படப் புதிய எண்ணெய், எரிவாயு வேலைகளைத் தடுத்தது. ஏற்கெனவே நடக்கும் கிணறுகளை அது தொடவில்லை. அந்தக் கிணறுகளில் வேலை செய்பவர்களும் நம் தொழிலாளர்கள்தாம்.

ஆகவே தோழர்களே, எரிவாயுக் கிணறானாலும், கல் குவாரியானாலும், பஞ்சாலையானாலும், புதிய எந்திரம் வந்து நிற்கும்போது கைதட்டுங்கள், தவறில்லை. கைதட்டி முடித்ததும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இதன் தூசி எங்கே போகிறது? அதை அளந்தது யார், அளந்த கணக்கைத் தொழிலாளியிடம் காட்டினார்களா? தடுக்கும் சாதனம் வேலை தொடங்கும் முன்பே வருகிறதா, ஆள் விழுந்த பிறகு வருகிறதா? பதில் வரும்வரை தொழிற்சங்கக் கூட்டத்தில் கேளுங்கள், ஆலை வாசலில் கேளுங்கள், ஓட்டுக் கேட்டு வருபவரிடமும் கேளுங்கள்.

டெக்சாஸிலே பாறைக்கு வழி திறக்கப் பதினேழு ஆண்டுகள் விடாமல் முயன்றார்கள். அந்த விடாமுயற்சியில் பத்தில் ஒரு பங்கைத் தொழிலாளியின் மூச்சுக்காகக் காட்டியிருந்தால், சட்டத்துக்காக நாற்பத்திரண்டு ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதில்லை. காத்திருந்தது போதும். பை முதலில், பம்பு பிறகு!